எண்பது பக்க ஆய்வுக் கட்டுரையை எங்கே, எப்படி வெளியிடுவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வரலாற்றைப் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் அளவு மீறி நீண்டுவிடுவதற்கு எழுதுபவரின் சொற்பெருக்கம் மட்டுமே காரணம் அன்று. இந்த நிலத்தின் சான்றுகளே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை வட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நிற்கும் நடுகற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆவணம். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று அவற்றில் வரும் அரச மரபுகள் பல. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் போனால் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் சேர்ந்துகொள்கின்றன. போதாததற்கு மாவட்ட எல்லைகளும் மாறியிருக்கின்றன: 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 1970களில் தருமபுரி மாவட்டம் என்று அச்சேறிய ஒரு கல் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லாக இருக்கக்கூடும். பழைய பதிப்பின் எண்ணையும் இன்றைய ஊர், வட்டப் பெயர்களையும் பொருத்திக் காட்டும் அட்டவணை இல்லாவிட்டால், அடுத்து வரும் ஆய்வாளர் அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இருபது பக்கத்தில் முடிக்க எண்ணித் தொடங்கிய கட்டுரை எண்பது பக்கத்தில் வந்து நிற்கிறது.

அந்த எண்பது பக்கத்துக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. கல்லூரிக் கருத்தரங்கக் கோவைகள் நான்கைந்து பக்கத்துக்கு மேல் ஏற்பதில்லை. வரலாறு, மொழி சார்ந்த ஆங்கில ஆய்விதழ்கள் பெரும்பாலும் எட்டாயிரம், பத்தாயிரம் சொற்களோடு எல்லை கட்டிவிடுகின்றன. அனுப்பிய கட்டுரை “சுருக்கி அனுப்பவும்” என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வரும்போது, துறையில் மூத்தவர்கள் சொல்லும் ஆலோசனை ஏறத்தாழ எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: மூன்றாகப் பிரித்து மூன்று இதழ்களுக்கு அனுப்பிவிடு. இந்த ஆலோசனை சில கட்டுரைகளுக்குப் பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. எங்கே அனுப்புவது, எத்தனையாகப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: இந்த எண்பது பக்கமும் எதனால் ஆனது?

நீண்ட கட்டுரை எதையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அதில் மூன்று வகையான பக்கங்கள் கலந்து கிடப்பது தெரியும். ஒன்று, எழுதியவரின் சொந்த வாதம். இன்னொன்று, அந்த வாதம் நிற்கும் சான்று. மூன்றாவது, முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து அப்படியே வந்து ஒட்டிக்கொண்ட முன்னுரைப் பகுதி. மூன்றாவதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளையும், நடுகல்லைப் பாடும் சங்கப் பாடல்களையும், இத்துறையில் இதற்கு முன் எழுதியவர்களின் வரிசையையும் நடுகல் பற்றிய ஒவ்வொரு கட்டுரையும் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறது. ஆய்வேட்டில் மாணவர் தாம் படித்ததை நெறியாளருக்கும் தேர்வாளருக்கும் காட்ட வேண்டியிருக்கிறது. ஆய்விதழின் வாசகருக்கு அது முன்பே தெரியும். இந்தப் பகுதியை இரண்டு பத்திகளாகக் குறைத்தாலே எண்பது அறுபத்தைந்தாகிவிடும், வாதத்துக்கு ஒரு நட்டமும் வராது.

சான்றுப் பகுதியை அப்படி வெட்ட முடியாது. ஒரு நடுகல்லுக்கான பதிவை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். கல் நிற்கும் ஊரும் வட்டமும், கல்லின் உயரம் அகலம், வீரனின் எந்தக் கையில் வில், எந்தக் கையில் வாள், காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கின்றனவா என்பவை முதலில் வரும். அடுத்து வாசகம்: “கோவிசைய” என்று தொடங்கி, அரசன் பெயரும் ஆட்சியாண்டும் சொல்லி, தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தவர் யார், மீட்கப் போய் விழுந்தவர் யார் என்று விவரித்து, “பட்டான் கல்” என்று முடியும் சில வரிகள். அவற்றைக் கல்லில் உள்ள வரிப் பிரிப்போடு ஒரு முறையும், இன்றைய எழுத்து வழக்கில் இன்னொரு முறையும் தர வேண்டும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. கல் பொரிந்த இடத்தில் நிற்கும் வட்டெழுத்து (பழந்தமிழ் எழுத்து முறை) பகரமா வகரமா என்ற ஐயம் ஓர் ஊர்ப்பெயரையே மாற்றிவிடும். முன்பு படித்தவரின் பாடத்திலிருந்து, அதாவது கல்லில் உள்ளதை அவர் படித்துத் தந்த வடிவத்திலிருந்து, எங்கே, ஏன் விலகுகிறோம் என்ற குறிப்பு அதற்குப் பிறகு வரும். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு கல்லுக்கு அரைப் பக்கத்துக்குக் குறையாது. அறுபது கற்களை எடுத்துக்கொண்ட கட்டுரையில் முப்பது பக்கம் இதற்கே போய்விடும். அதில் ஒரு வரியைக்கூட வீண் என்று சொல்ல முடியாது.

அறிவியல் துறையில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடினமானது அன்று. பென்னாகரம், பாலக்கோடு வட்டாரக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவை ஆராயும் ஒருவரிடமும் நீண்ட அட்டவணைகள் இருக்கும். ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை எந்தெந்தக் கிணறுகள் தாண்டுகின்றன என்பதே அவர் கட்டுரையின் செய்தி. ஒவ்வொரு கிணற்றின் அளவையும் இணையத்தில் துணைக்கோப்பாக வைத்துவிடலாம், வேண்டியவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார். கல்வெட்டுப் பாடம் அப்படிப்பட்ட வெறும் அளவீடு அன்று. அது படித்தவரின் தீர்ப்பு. அதையும் இன்னொரு வல்லுநர் பார்த்து மதிப்பிட வேண்டும். எனவே பின்னிணைப்பில் போட்டுவிட்டால் போதும் என்ற அறிவியல் துறையின் தீர்வை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னிணைப்பை எந்த மதிப்பீட்டாளரும் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை.

பிரித்து அனுப்பும் ஆலோசனை இவ்வளவு பரவலாக இருப்பதற்கான காரணத்தையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி ஆசிரியர்களின் நியமனம், பதவி உயர்வு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளிகள். உள்நாட்டுப் பதிப்பகம் வெளியிடும் ஒரு நூலுக்கும் அதே 10 புள்ளிகள். தொகுப்பு நூலில் வரும் ஓர் இயலுக்கு 5. அது ஐந்து பக்கமா எண்பது பக்கமா என்பதற்குக் கணக்கில் இடமே இல்லை. பல ஆண்டு அலைந்து எழுதிய எண்பது பக்கம் ஒன்றாக வந்தால் 10, மூன்றாக வந்தால் 30 என்னும்போது, வேலைக்குக் காத்திருக்கும் இளம் ஆய்வாளர் மூன்றாக்குவதை யாரும் குறை சொல்லிவிட முடியாது. குறை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதே மானியக் குழு 2020 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பு, ஒரு பெரிய ஆய்வைச் சிறு பகுதிகளாக உடைத்து, உரிய மேற்கோள் இல்லாமல் ஒவ்வொன்றையும் முற்றிலும் புதிய ஆய்வு போல வெளியிடுவதைத் தன்திருட்டு வகையில் சேர்த்தது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வாளர் எந்த வழியில் போவது என்று திகைப்பது இயல்பு. ஆனால் அந்த அறிவிப்பு தடுப்பது பிரிப்பதை அன்று, மறைப்பதை. இது இன்ன ஆய்வின் ஒரு பகுதி, மறுபகுதி இன்ன இடத்தில் வருகிறது என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிட்டால் அதில் தவறு எதுவும் இல்லை.

எப்போது பிரிக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பிரித்த துண்டை மட்டும் கையில் வைத்திருக்கும் வாசகர், மற்ற துண்டுகளைப் பாராமலே அதன் முடிவை ஏற்கவோ மறுக்கவோ முடிய வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தகடூர் அதியமான் மரபோடு தொடர்புடைய ஜம்பைக் கல்வெட்டு. திருக்கோவிலூருக்கு அருகில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட அது ஒரே ஒரு வரிதான். சதியபுதோ என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் அந்த வரியில் சேர்ந்து வந்ததால், அசோகர் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு குறிக்கப்படும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலமாக நடந்த விவாதத்துக்கு வழி பிறந்தது. அறுபது கற்களில் ஒன்று அப்படி ஒரு தெளிவைத் தருமானால், அதை எண்பது பக்கத்துக்குள் புதைத்து வைக்கக் கூடாது. ஆறு பக்கக் குறிப்பாகத் தனியே எடுத்து உடனே வெளியிட வேண்டும். மாறாக, அறுபது கற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தொறுப் பூசல்கள் எந்தக் காலத்தில் எந்த ஆற்றுப்படுகையில் மிகுந்தன என்று சொல்ல முடியும் என்பது வாதமானால், கற்களை இருபது இருபதாகப் பங்கிட்டு மூன்று கட்டுரை எழுதுவது அந்த வாதத்தையே அழித்துவிடும். மூன்றில் எதிலும் முடிவு நிற்காது.

வாதமே நீளமாக இருக்கும் கட்டுரைகளும் உண்டு. அவற்றை உலகம் எப்படிக் கையாண்டது என்பதைக் கணிதத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் உறுப்புகள் கொண்ட குலங்களை (group எனப்படும் கணித அமைப்புகளை) பற்றி வால்டர் ஃபைட், ஜான் தாம்ப்சன் இருவரும் 1963இல் வெளியிட்ட நிறுவல் 255 பக்கம். பசிபிக் கணித ஆய்விதழ் தன் ஓர் இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்தது. பிரித்தால் நிறுவல் நிற்காது என்பதால் பிரிக்கவில்லை. தாமஸ் ஹேல்ஸின் கதை வேறு. கோளங்களை எப்படி அடுக்கினால் இடம் மிகக் குறைவாக வீணாகும் என்ற கெப்ளரின் கேள்விக்கு அவர் 1998இல் விடை தந்தபோது, நீண்ட எழுத்தோடு கணினி நிரல்களும் சேர்ந்திருந்தன. பன்னிரண்டு பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு பல ஆண்டு உழைத்தும், 99 விழுக்காடு உறுதி என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. இறுதியில் மையமான வாதம் 2005இல் அனல்ஸ் கணித ஆய்விதழில் வந்தது. விரிவான முழு வடிவம் 2006இல் வேறோர் ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டின. ஹேல்ஸ் கடைப்பிடித்த முறை நம் கல்வெட்டுக் கட்டுரைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்: வாதம் ஓரிடத்தில், அதைச் சோதிப்பதற்கான முழுச் சான்று இன்னோரிடத்தில், இரண்டுக்கும் நடுவே வெளிப்படையான பாலம்.

அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. நீளத்தின் உண்மையான விலையைச் செலுத்துபவர் மதிப்பீட்டாளர். ஊதியமின்றி, தம் வகுப்புகளுக்கும் விடைத்தாள் திருத்தலுக்கும் இடையே அவர் படிக்கிறார். வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்து, நுளம்பர் காலக் கன்னடமும் அறிந்து, இந்த வட்டாரத்து ஊர்களையும் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எண்பது பக்கத்தை ஒரே கட்டாக அவரிடம் கொடுத்தால் அது மேசையிலேயே பல மாதம் கிடக்கும். இருபத்தைந்து பக்க வாதத்தைக் கொடுத்து, எந்தெந்த வரிகளில் பாடத்தை ஐயத்தோடு தந்திருக்கிறோம் என்றும் சேர்த்துக் காட்டினால், அவர் உழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ஆய்விதழுக்கும் நூலுக்கும் இடைப்பட்ட வடிவம் ஒன்று இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அமெரிக்கக் கணிதக் கழகம் 1950 முதல் ஒரு தனி வரிசையை நடத்துகிறது. எண்பது பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்கென்றே அது இருக்கிறது, முறையான மதிப்பீடும் உண்டு. அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் ‘டிரான்சாக்சன்ஸ்’ தொடரும் ஒரு வெளியீட்டுக்கு ஒரு நீண்ட ஆய்வு என்ற முறையில் வருகிறது. நம் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் இந்தியவியல் வரிசை நீண்ட ஆய்வுகளுக்கு இடம் தருகிறது. தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் கொண்டுவரும் ‘ஆவணம்’ ஆண்டிதழ் புதிய கல்வெட்டுப் பாடங்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆயினும் தமிழில் எழுதப்படும் அறுபது எண்பது பக்க ஆய்வை முறையாக மதிப்பிட்டு, குறுநூலாக ஆண்டுக்குச் சில என்று வெளியிடும் வரிசைகள் போதவில்லை. சேலத்துக்கு வடக்கே உள்ள கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் கூடி அப்படி ஒன்றைத் தொடங்குவது பெரும் பொருள் தேவைப்படும் காரியமன்று. ஒழுங்காகப் படித்துக் கருத்துச் சொல்லும் பத்துப் பேர் வேண்டும், அவ்வளவுதான்.

அது வரும்வரை நூலாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆய்வாளரே பணம் கட்டிச் சில நூறு படிகள் அச்சிட்டு ஐஎஸ்பிஎன் எண் பெறுவது இன்று எளிது, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அப்படி வரும் நூலை அச்சுக்கு முன் வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. வெளியான பிறகு அது தருமபுரியிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர்வதும் அரிது. எண்பது பக்கத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்கும் ‘பன்னாட்டு’ இதழ்களைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: எண்பது பக்கக் கல்வெட்டுப் பாடத்தை எவராலும் ஒரு வாரத்தில் மதிப்பிட முடியாது. மானியக் குழு 2019இல் கொண்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தைத் தேர்ந்தறியும் பொறுப்பு இப்போது ஆய்வாளரிடமும் அவர் கல்லூரியிடமும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

வரிசை முறையும் முக்கியம். பலர் வாதத்தை முதலில் வெளியிட்டுவிட்டு, சான்றுத் தொகுதியைப் பின்னால் நூலாகப் போடலாம் என்று தள்ளி வைக்கிறார்கள்; அந்தப் பின்னால் பெரும்பாலும் வருவதில்லை. ஐராவதம் மகாதேவன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுதியை 1966இல் சென்னையில் நடந்த கருத்தரங்கிலேயே முன்வைத்தார். விரிவான நூல் 2003இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில்தான் வந்தது. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் அறிஞர்கள் அந்த முதல் தொகுதியை வைத்து எழுதினார்கள், மறுத்தார்கள். புதிய கண்டுபிடிப்புகளும் வந்து சேர்ந்தன. நூல் அவற்றையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு வந்தது. பாடத்தொகுதி முதலில் வெளிவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வாதங்கள் மாறும், கவனமாகப் படித்த பாடம் அடுத்த தலைமுறைக்கும் வேண்டியிருக்கும்.

இன்று அதற்கு அச்சகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் மைப்படிப் படங்களையும் (கல்லின் மேல் தாள் ஒற்றி மையிட்டு எடுத்த படிகள்) பாடங்களையும் கட்டணமின்றி வைக்கலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு. இணையத்தில் அந்தப் பதிவை எப்போதும் சுட்டும் நிலையான டிஓஐ எண் கிடைக்கும். பாடத்தைத் திருத்தினால் புதிய பதிப்புக்குத் தனி எண்ணும் கிடைக்கும், பழையதும் அழியாமல் இருக்கும். பாடத்தொகுதியை அங்கே வைத்து, மிக முக்கியமான கற்களைக் கல்வெட்டு இதழ் ஒன்றில் மதிப்பீட்டோடு வெளியிட்டு, அந்த எண்களைச் சுட்டி இருபத்தைந்து பக்க வாதத்தை ஆய்விதழுக்கு அனுப்புவது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. அனுப்பும் முன், இந்த அளவில் ஒரு கட்டுரை இருக்கிறது, இதன் சான்று இன்ன இடத்தில் இருக்கிறது, உங்கள் இதழ் பார்க்குமா என்று பதிப்பாசிரியருக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் பல மாதங்களை மிச்சமாக்கும். ஆய்வேடு முன்பே, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியிருந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள், ஆய்வாளரின் சொந்த வரிகளையே திருட்டு என்று காட்டும்.

எந்த மொழியில் என்ற கேள்விக்கும் இந்தப் பிரிப்பிலேயே விடை இருக்கிறது. வாதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் கன்னட, தெலுங்கு நாட்டுக் கல்வெட்டறிஞர்களும் படிப்பார்கள். நுளம்பர், கங்கர் செய்திகளைச் சரிபார்க்க அவர்கள் கண் தேவை. பாடத்தொகுதியும் ஊர்க்குறிப்புகளும் தமிழில் இருக்க வேண்டும். கல்லுக்கு ஆண்டுதோறும் பொங்கல் வைக்கும் ஊர்க்காரரும், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரும் படித்துவிட்டு, இந்தப் பெயரில் எங்கள் ஏரிக்கு வடக்கே ஒரு திட்டு இருக்கிறது என்று சொல்லக் கூடியவர்கள். எந்த மதிப்பீட்டாளரும் தர முடியாத திருத்தம் அது.

பொதுவெளியில் வைக்கும் தொகுதியில் ஒன்றை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுபவர்களும், சாலை அகலப்படுத்தும்போது கல்லைப் புரட்டிப் போட்டுவிடுபவர்களும் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். காப்பில்லாத கற்களுக்கு ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான ஆள்கூறுகளைத் தனிக் கோப்பாக்கித் தொல்லியல் துறையிடமும் மாவட்ட அருங்காட்சியகத்திடமும் ஒப்படைத்துவிடலாம். கேட்டு வரும் ஆய்வாளருக்கு அவர்கள் தருவார்கள் என்ற குறிப்பைக் கட்டுரையின் முறையியல் பகுதியில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.